நெருப்புக்கு எப்படித் தெரியும்?

கொக்கட்டிச்சோலை நந்தி புல் தின்ற கதையை எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. பறங்கியர் கோயிலை இடிக்க வந்தார்களாம், இந்தக் கல்லு மாடு புல்லுத் தின்னுமா என்று கேலி பண்ணினார்களாம், நந்தி எழும்பிப் புல்லையும் தின்று சாணமும் போட்டதாம். தான்தோன்றீஸ்வரர் கோயில் தேருக்குப் போய்வந்த எந்தப் பிள்ளையும் இதைக் கண்ணால் கண்டதுபோலச் சொல்லும். அதனால்தான், போன வருடம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் நந்தனார் கதை சொல்லி, சாதியைக் காட்டிக் கோயிலுக்குள் விடப்படாத அவர் வெளியே நின்று சாமியைக் காணத் திருப்புன்கூரில் நந்தி விலகிய இடத்துக்கு வந்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. எங்கட நந்தி புல்லே தின்றது, அந்த நந்தி கொஞ்சம் அரக்கி இருந்தது பெரிய காரியமா?

முன்னால் இருந்த, முன்பல் இரண்டும் விழுந்த பொடியன் மட்டும் கையைத் தூக்கினான்.

“டீச்சர், சாமி நந்திய அரக்கினார், சரி. கதவால உள்ள வா எண்டு கூப்பிட்டிருக்கேலாதா?”

என் நாக்கு நுனியில் விடை தயாராக இருந்தது. 30 வருடத்துக்கு மேல் சைவநெறி படிப்பித்தவளுக்கு இல்லாமல் போகுமா? ‘அடியவரின் பெருமையை உலகுக்குக் காட்டவே இறைவன் அவ்வாறு திருவுளம் கொண்டான்.’ இதை நானே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். விடைத்தாளில் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு சரி போட்டிருக்கிறேன். அன்று வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. ஏனென்றால் அவன் கேட்டது நந்தனாரின் பக்தியைப் பற்றி இல்லை. கதவைப் பற்றி.

நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் பேரிகைகளுக்குப் போர்க்கத் தோலும், இழுத்துக் கட்ட வாரும், வீணைக்கு நரம்பும் கொடுத்துவந்தார். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் எப்போதும் ஒரே வேகத்தில் கடந்துபோவேன். அன்றுதான் அந்த இடத்தில் நின்றேன். அவர் கொடுத்த தோல் பேரிகையாகி உள்ளே போகிறது. கொடுத்தவர் தேரடிக்கு அப்பால் நிற்கிறார். வயலுக்குப் போகவிடாமல், சிதம்பரத்துக்குப் போகவிடாமல் மறிக்கிற பண்ணையார் கதைக்குள் வந்தது பின்னால், 19ஆம் நூற்றாண்டுக் கீர்த்தனையில். ஆனாலும் பிள்ளைகளுக்கு அவரைத்தான் உடனே பிடிபடும். “போடியார் மாதிரியா டீச்சர்?” என்று கேட்பார்கள். ஓம், போடியார் மாதிரி. எங்கள் வயல் வட்டைகளில் நிலத்துக்குச் சொந்தக்காரரான போடியாரையும் அவருக்கு வேலை செய்கிற முல்லைக்காரனையும் அறியாத வீடு எது?

மாளிகைக்காட்டுப் பிள்ளை ஒன்று, எப்போதும் தூணில் சாய்ந்தபடி இருப்பவள், மெதுவாகக் கேட்டாள்: “அவரு என்ன புழ செஞ்ச?”

ஒரு பிழையும் செய்யவில்லை என்றேன். பிறகு, இது பழைய காலத்துக் கதை மட்டும் இல்லை என்றும் சொன்னேன். இந்த நாட்டில் சாதியைக் காட்டி ஒருவரைக் கோயில் போன்ற பொது இடங்களில் தடுப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஆட்கள் உள்ளே விடச்சொல்லி நிற்கவேண்டியிருந்தது. பல்லில்லாதவன் விடுவானா? “எங்கட ஊருக் கோயில்லயும் அப்பிடி இருந்ததா?” என்றான். நான் தண்ணீர் குடித்தேன். எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, யாருக்கு முதல் மாலை, யார் எதுவரை வரலாம் என்பதெல்லாம் அவன் வீட்டிலும் என் வீட்டிலும் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. “இருந்தது மனே, கொஞ்சம் இருக்கு” என்றேன். பிள்ளைகளிடம் அதைச் சொல்ல எனக்கு 60 வயது தாண்டவேண்டியிருந்தது.

இந்தச் சனிக்கிழமைக் கூட்டம் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். நான் இருப்பது காரைதீவு. வடக்கே நடந்தால் மாளிகைக்காடு, சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர். எல்லாரும் பேசுவது தமிழ். ஒரே கடல், ஒரே மீன்காரன், ஒரே பஸ். ஆனால் காரைதீவுப் பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்குப் போகும், மாளிகைக்காட்டுப் பிள்ளை முஸ்லிம் பாடசாலைக்குப் போகும். முதலாம் வகுப்பிலிருந்து சாதாரண தரம் வரை சமயம் கட்டாய பாடம். அதையும் அவரவர் புத்தகத்தில் அவரவர் படிப்பார்கள். ஞாயிறு என்றால் இங்கே அறநெறிப் பாடசாலை. அங்கே பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவுக்கு ஓதப் போவார்கள். வாரத்தில் ஏழு நாளில், ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையின் சாமியைப் பற்றி அந்தப் பிள்ளையின் வாயாலேயே கேட்கிற ஒரு மணித்தியாலம் கிடையாது. ஓய்வுபெற்ற பிறகு நானும், மாளிகைக்காட்டில் கணக்கு டீச்சராக இருந்த ஒரு ராத்தாவுமாக (முஸ்லிம் அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது) அந்த ஒரு மணித்தியாலத்தை 2017இல் தொடங்கினோம். முதலாவது முயற்சி என்று சொல்லமுடியாது. மட்டக்களப்பில் 1996இல், சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவைத் திறந்து தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து களிமண் பிசையவும் படம் கீறவும் கதை கட்டவும் விட்டார்கள். எங்களுக்குப் பூங்காவும் இல்லை, பஸ்ஸும் இல்லை. விறாந்தையும் இரண்டு பாயும் இருந்தன. (மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று வெளியூரில் ஒரு பேச்சு உண்டே, அந்தப் பாய்தான்.)

தொடக்கத்தில் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தேன். மேடைகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சை எடுத்துவிட்டேன்: கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல. உடனே ஒரு கேள்வி வந்தது. “ஆரு டீச்சர் புட்டு, ஆரு தேங்காப்பூ?” அடுத்த 10 நிமிடம் சண்டை. ஒருவருக்கும் தேங்காய்ப்பூவாக இருக்க விருப்பமில்லை. அது கொஞ்சம்தானே போடுவது. ராத்தா சிரித்துக்கொண்டு இருந்துவிட்டுக் கடைசியில் சொன்னா: “குழல் புட்டு எண்டா மாவு ஒரு அடுக்கு, பூ ஒரு அடுக்கு. நீத்துப்பெட்டியில அவிச்சா ரெண்டும் கலந்துதான் இருக்கும். நீங்க எந்தப் புட்டச் சொல்ற?” அதன்பிறகு நான் அந்த உவமையைத் தொட்டதில்லை.

இரண்டாவது முட்டாள்தனம், பிலால் கதையை நானே சொன்னது. நன்றாகத்தான் போனது. அபிசீனியத் தாய்க்குப் பிறந்த அடிமை. கொதிக்கிற மணலில் கிடத்தி நெஞ்சில் கல்லை ஏற்றியபோதும் ‘அஹத், அஹத்’, ஒருவனே ஒருவனே, என்றவர். அபூபக்கர் அவரை விலைகொடுத்து மீட்டார். பிறகு பள்ளியில் முதலாவதாகப் பாட்டுப் பாடினவர் அவர்தான் என்று முடித்தேன். தூணோரத்துப் பிள்ளை திகைத்துப் பார்த்தாள். “பாட்டு இல்ல டீச்சர். பாங்கு.” சரியாக அந்த நேரம் பின்னேரத் தொழுகைக்குக் கூப்பிடுகிற அஸர் பாங்கு கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். 60 வருடமாக நாளுக்கு ஐந்து தரம் கேட்கிறேன். அதற்குச் சரியான சொல்லை வாயில் வைத்திருக்கவில்லை.

அடுத்த கிழமையிலிருந்து அவரவர் கதையை அவரவர் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். இன்னொன்றும் சேர்த்தோம், அது ராத்தாவின் யோசனை. கதை சொல்கிறவர் தம் ஆட்களுக்கு வெள்ளை அடிக்கக் கூடாது. மற்றவரின் சமயத்தில் உள்ள நல்லதை வியக்கலாம். பிழை பார்ப்பதானால் நம்முடைய வீட்டில் பார்ப்பது. அவ சொன்னபடியே செய்தா. மக்கா வெற்றி நாளில் நபிகள் பிலாலைக் கஃபாவின் மேல் ஏறிப் பாங்கு சொல்லவைத்தபோது மக்காவின் பெரிய மனிதர் சிலருக்கு முகம் சுருங்கியதையும், தோழர் ஒருவரே இன்னொருவரைக் கறுப்பியின் மகன் என்று பேசியதையும், உன்னிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறதென்று நபிகள் அவரைக் கண்டித்ததையும் சொல்லிவிட்டு, “இப்பவும் பொண்ணுப் பாக்கப் போனா முதல்ல நெறத்தத்தானே கேக்கிற” என்று சேர்த்தா. மாளிகைக்காட்டுப் பெண்பிள்ளைகள் மூன்றுபேர் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு பிள்ளைக்கு வேறு இடத்தில் சிக்கியது. “அபூபக்கர் காசு குடுத்தா வாங்கின? மனுசருக்கு வெல இருந்தா? அப்ப மத்த அடிமையள்?” ராத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. இஸ்லாத்தில் அடிமையை விடுவிப்பது பெரிய நன்மை என்று சொன்னா. மற்றவர்கள் அன்றைக்கு விடுபடவில்லை என்றும் சொன்னா.

இந்தக் கதைக்குத்தான் முதலாவது முறைப்பாடும் வந்தது. திங்கட்கிழமை காலையில் ஒரு தகப்பன் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி, இறங்காமலே பேசினார். சைவப் பிள்ளைக்கு பாங்கு சொன்னவரின் கதை எதற்கு, நாளைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வருவான் என்றார். அஞ்சு நேரமும் காதில் விழுகிறது தம்பி, அது என்ன என்று தெரிந்தால் என்ன என்றேன். “கேட்டாக் காணும் டீச்சர், தெரியத் தேவையில்ல.” அவருடைய மகன் அதற்குப் பிறகு வரவில்லை. மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. கண்ணகி கதைக்குப் படம் கீறச் சொன்னபோது, உருவம் கீறவேண்டாம் என்று ஒரு உம்மா சொல்லியனுப்பினா. ராத்தா அந்தப் பிள்ளையைச் சிலம்பை மட்டும் கீறச் சொன்னா. அவள் உடைந்த சிலம்பைக் கீறி, சிதறிய மாணிக்கப் பரல் ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு சிவப்புத் தீட்டினாள். அன்றைக்கு வந்த படங்களில் அதுதான் திறம். மற்றதெல்லாம் விரிந்த கூந்தல்.

நல்ல சமாரியன் கதையைச் சொன்னது கல்முனையிலிருந்து வருகிற, மெதடிஸ்த சபையைச் சேர்ந்த ஒரு தங்கச்சி. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் கள்ளர் அடித்துப்போட்ட மனிதன். ஆசாரியன் விலகிப் போகிறான், லேவியன் விலகிப் போகிறான், யூதருக்கு ஆகாத சமாரியன் நின்று காயம் கட்டுகிறான். இதைப் பிள்ளைகள் நம்மூரில் நடிக்கட்டும் என்று விட்டோம். நிந்தவூருக்கும் எங்கள் ஊருக்கும் இடையில் வயல்வெளி, றோட்டோரம் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். இரண்டு குழுவாகப் பிரிந்து நடித்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் கூடிய குழுவில் காப்பாற்றியவர் ஒரு அண்ணன். மற்றக் குழுவில் ஒரு காக்கா, அதாவது முஸ்லிம் அண்ணன். இரண்டு பக்கமும் வஞ்சகமில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. நல்லவனை நடிக்கச் சொன்னால் நம்மாளாகத்தானே வருவான்?

அந்தத் தங்கச்சி கெட்டிக்காரி. நீங்கள் காப்பாற்ற வந்தவர் இல்லை, அடிபட்டுக் கிடக்கிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். உங்கள் ஆட்கள் இரண்டுபேர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். உங்களுக்குப் பிடிக்காத ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திப் போத்தலைத் திறந்து தண்ணீர் தருகிறார். இப்போது?

யாரும் பேசவில்லை. வளவில் கோழி கிளறுகிற சத்தம் கேட்டது. 12 வயதுப் பொடியன் ஒருவன், வழக்கமாகப் பேசாதவன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “குடிப்பன். ஆனா வீட்ட சொல்லமாட்டன்.”

நான் அவனைத் திருத்தவில்லை. ‘சொல்லவேண்டும் மனே’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அவன் அடுத்த முறை உண்மையைச் சொல்லியிருக்கமாட்டான். வீட்டில் சொல்லமுடியாததற்குக் காரணமும் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது, நாம் அடிபட்ட கதை. 1990 ஆகஸ்ட் 12இல் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் கொல்லப்பட்ட கதையை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அதற்கு ஒன்பது நாள் முன்னால், ஆகஸ்ட் 3இல், காத்தான்குடிப் பள்ளிகளில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு மேல் சுடப்பட்டு இறந்தார்கள். அதை எந்தத் தமிழ் வீட்டு விறாந்தையிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. எங்கள் பெயரைச் சொல்லித் துவக்குத் தூக்கியவர்கள் செய்தது அது. பிள்ளைகளுக்கு நான் இன்னும் இவற்றைச் சொல்லவில்லை. நந்தனாருக்கும் பிலாலுக்கும் காது கொடுத்துப் பழகினால் இதற்கும் ஒரு நாள் காது கொடுப்பார்கள் என்று ஒரு நினைப்பு. பிழையாகவும் இருக்கலாம்.

2019இல் எல்லாம் நின்றுபோனது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. முஸ்லிம் தீவிரவாதிகள் தேவாலயங்களில் குண்டு வெடிக்கவைத்த நாள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, பக்கத்துச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் படை வளைத்தபோது உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்கவைத்தார்கள். எங்கள் வீட்டு யன்னல் அதிர்ந்தது. விடிந்த பிறகுதான் தெரியும், அந்த வீட்டுக்குள்ளும் பிள்ளைகள் இருந்தார்கள். அதற்குப் பிறகு மாளிகைக்காட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. வந்திருந்தாலும் எங்கள் ஒழுங்கையில் அவர்களை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்லமுடியாது. ராத்தா மட்டும் நோன்பு மாதத்தில் ஒரு நாள் மூடி போட்ட வாளியில் கஞ்சி கொண்டுவந்தா. இரண்டுபேரும் அதிகம் பேசவில்லை. பிறகு கொரோனா. பாயை மறுபடி விரித்தது 2022இல்.

கண்ணகி கதை அதற்குப் பிறகு சொன்னது. எங்கள் ஊரில் அம்மன் என்றால் கண்ணகிதான். வைகாசி வந்தால் கதவு திறந்து, அவள் கதையான வழக்குரை படித்து, அவள் கோபத்தைத் தணிக்கிற குளிர்த்தி பாடும்வரை ஊரே கோயிலடியில் கிடக்கும். அம்பாறைப் பக்கத்துச் சிங்களவர்களும் அவளைப் பத்தினி தெய்வம் என்று கும்பிடுகிறார்கள். ராசாவின் சபைக்குத் தனியாகப் போய் உன் தீர்ப்புப் பிழை என்று சொன்ன பெண். நீதி பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட என்ன கதை வேண்டும் என்று எனக்கு நெடுநாள் இறுமாப்பு. சிலம்பு உடைந்தது, பாண்டியன் விழுந்தான், மதுரை பற்றி எரிந்தது. குரலை உயர்த்தி முடித்தேன்.

தூணோரத்துப் பிள்ளை, இப்போது வளர்ந்துவிட்டாள், பரல் கீறியவளும் அவள்தான், கேட்டாள்: “மதுரைக்குள்ள புள்ளயள் இருக்கல்லயா?”

இருந்தார்கள். ஆனால் இதற்கு என்னிடம் விடை இருந்தது. முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடு, தீயவர் பக்கம் மட்டும் சேர் என்று கண்ணகி தீக்கடவுளுக்குக் கட்டளை இட்டதாகச் சிலப்பதிகாரத்தில் வருகிறது. ஆறுதலாக அதைச் சொன்னேன்.

பல்லில்லாதவன், அவனுக்கு அப்போது பல் முளைத்துக்கொண்டிருந்தது, தலையைச் சரித்தான். “நெருப்புக்கு எப்பிடி டீச்சர் தெரியும்?”

1985 ஏப்ரலில் எங்கள் ஊரில் வீடுகள் எரிந்தன. எங்கள் வீடும். அது அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு. எங்கள் கரையில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் குடி தாய்வழியில்தான், வீடும் பெண்ணுக்குத்தான். நான் அப்போது படிப்பிக்கத் தொடங்கி இரண்டு வருடம். திரும்பி வந்தபோது முற்றத்தில் என் அக்காவின் மகளுடைய சிலேற் இரண்டாக வெடித்துக் கிடந்தது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, அம்மம்மா தூக்கிக்கொண்டு ஓடிவிட்டா. நெருப்புக்கு அது பிள்ளையின் சிலேற் என்று தெரிந்திருக்கவில்லை.

தெரியாது மனே, என்றேன். அப்படியென்றால் கண்ணகி செய்தது பிழையா என்று இன்னொருவன். அதற்கும் விடை சொல்லவில்லை. குளிர்த்தியை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் நீதி கேட்டதைப் படிக்கிறோம், எரித்ததையும் படிக்கிறோம். கடைசி நாள் என்ன செய்கிறோம்? “குளிர்த்திப் பாடுற. தண்ணி தெளிக்கிற” என்று காரைதீவுப் பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினார்கள். மாளிகைக்காட்டுப் பிள்ளைகளுக்கு அது புதிது. வேப்பிலை, தண்ணீர், பாட்டு எல்லாவற்றையும் விவரிக்கப் போட்டி போட்டார்கள். என் வேலை அத்தோடு முடிந்தது.

நந்தனாருக்குத் திரும்பி வருகிறேன். கதவைப் பற்றிய கேள்விக்குப் பிறகு அடுத்த சனிக்கிழமை, சிதம்பரம் கோயிலுக்குள் போகமுன் நந்தனார் இறங்கிய நெருப்பைச் சொல்லவேண்டும். எனக்கு அந்த நெருப்பைச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமலும் விடமுடியாது, கதை கதைதான். சொன்னேன். பிறகு அதே சிதம்பரத்தில் நடந்த இன்னொன்றைச் சேர்த்தேன். எங்கள் சந்தியில் சிலையாக நிற்கிற சுவாமி விபுலானந்தர் 1892இல் இந்த ஊரில் பிறந்தவர் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், யாழ் நூல் எழுதியவர் என்றும் தெரியும். 1930களின் தொடக்கத்தில் அவர் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். பின்னேரங்களில் பக்கத்துத் திருவேட்களத்துச் சேரிக்கு நடந்துபோய் அங்கத்தைய பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். பேச்சுப்போட்டிக்கு எத்தனையோ பிள்ளைகளுக்கு விபுலானந்தரை மனப்பாடம் பண்ணிக்கொடுத்திருக்கிறேன். இந்தப் பகுதி அதில் இருந்ததில்லை.

“அப்ப நந்தனார்ர ஆக்களிட்ட எங்கட ஊராள் போயிருக்கார்” என்றாள் ஒருத்தி.

“கதவாலயா போனார்?” அவனேதான்.

“சேரிக்கு என்ன கதவு மனே. நடந்து போனார்.”

பிலால் கதையோடு நிறுத்தப்பட்ட பொடியனுக்கு இப்போது மீசை அரும்புகிறது. சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் ஒழுங்கையால் சைக்கிளில் போகிறான். மதிலடிக்கு வந்ததும் இறங்கிக் குந்தி, சங்கிலியைப் பார்க்கிறான். சங்கிலி கழரவில்லை, எனக்குத் தெரியும். உள்ளே வா என்று ஒரு தரம் கூப்பிட்டேன், இல்லை டீச்சர் அவசரம் என்று போய்விட்டான். அடுத்த கிழமையும் வந்து குந்தினான். இந்தச் சனி ராத்தாவின் முறை. கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கோ என்று அவவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.